பழகாத நூலைப் பழகுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் பெரும்பாலான ஊர்களில் ஒரு வாசிகசாலையேனும் உண்டு. காலையில் அங்குச் செல்வோர் முதலில் நாடுவது செய்தித்தாளை. அதற்கடுத்து நாடுவது கதைப் புத்தகத்தை. அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் நாவல்கள் பல கைகள் பட்டு, அட்டை தேய்ந்து, மூலை மடிந்து கிடக்கும். கீழ்த்தட்டில் இருக்கும் வரலாற்று நூலும் விஞ்ஞான நூலும் வந்த நாளில் இருந்த மெருகோடு அப்படியே இருக்கும். நூல் தேயாமல் இருப்பது நூலகத்துக்குச் சிக்கனமாகலாம். வாசகருக்கு அது நட்டமே.

நிறைய வாசிப்பது ஒன்று. பரந்து வாசிப்பது வேறொன்று. ஆண்டுக்கு நூறு நூல் வாசிக்கும் ஒருவர், அந்த நூறும் ஒரே வகையினவாக இருப்பின், ஒரே ஒழுங்கையில் நூறு முறை நடந்தவராவார். அந்த ஒழுங்கையின் ஒவ்வொரு வேலியும் அவருக்குத் தெரியும். அடுத்த ஒழுங்கை எங்கே செல்கின்றது என்பது தெரியாது. துப்பறியும் கதை வாசிப்பவர் அதனையே வாசிப்பதும், பக்தி நூல் வாசிப்பவர் அதனையே ஓதுவதும், அரசியற் கட்டுரை வாசிப்பவர் தம் கட்சிக்கு இசைந்த ஏட்டையே நாடுவதும் நாம் நாள்தோறும் காண்பனவே.

இதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. ஒவ்வோர் இலக்கிய வகைக்கும் தனக்கென ஒரு வழக்காறு உண்டு. நாவல் வாசித்துப் பழகியவர், முதல் அத்தியாயத்தில் வரும் பெயர்களுள் எது முக்கியமானது, எது பின்னர் மறைந்துபோகும் என்பதைத் தம்மையறியாமலே உணர்வார். எங்கே விரைந்து செல்லலாம், எங்கே நின்று கவனிக்க வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. அவரே ஒரு பொருளியல் நூலைத் திறந்தால் அந்தத் திறமை அவருக்கு உதவுவதில்லை. கலைச்சொற்கள் வழி மறிக்கின்றன. எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்பது தெரிவதில்லை. நேற்றுவரை தேர்ந்த வாசகராயிருந்தவர் இன்று முதலாம் வகுப்புப் பிள்ளையாகி விடுகின்றார். அந்தச் சிறு கூச்சமே பலரைப் பத்தாம் பக்கத்தில் நூலை மூடிவைக்கச் செய்கின்றது. நூல் கடினமானது என்று அவர் கூறுவார். உண்மையில் அவ்வகை நூலோடு அவர் இன்னும் பழகவில்லை என்பதே செய்தி.

இக்கூச்சம் பெரும்புலவரையும் விட்டுவைத்ததில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பாடங்கேட்டுப் புராணங்களிலும் அந்தாதிகளிலும் பிள்ளைத்தமிழ்களிலும் துறைபோன உ. வே. சாமிநாதையர், 1880ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களின் நெடும்பட்டியலை ஐயர் கூறினார். முதலியாரோ அவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா எனக் கேட்டார். சீவக சிந்தாமணியைக் குறிப்பிட்டார். ஐயர் அதனைப் படித்திருக்கவில்லை. அந்நூல் அவருக்குப் பழக்கமான உலகத்தைச் சேர்ந்ததுமன்று. அது சைன சமயக் காப்பியம். பொருள் விளங்காத இடங்களை விளங்கிக்கொள்ளக் கும்பகோணத்திலிருந்த சைனர்களிடமே சென்று அவர் கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னர் 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பழகாத ஒரு நூலைப் படிப்பது என ஒருவர் மேற்கொண்ட முடிவிலிருந்து ஒரு மொழியின் பழைய இலக்கியமே மீண்டும் மக்கள் கைக்கு வந்தது.

அத்தகைய முடிவொன்றை மேற்கொண்ட மற்றொருவர் ஈழத்தின் தீவுப்பகுதியிலே பிறந்தவர். வேலணைத் தீவில் ஊர்காவற்றுறையை அடுத்துள்ள கரம்பொன் எனும் ஊரில், 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் நாள் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளாரே அவர். பனையும் கடலும் சூழ்ந்த ஊர் அது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்கள் பிற கரைகளுக்குச் சென்று வந்த காலம் இருந்தது. ஊர்காவற்றுறையில் தொடக்கக் கல்வியும், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் மேற்கல்வியும் பெற்ற அவர், குருத்துவக் கல்விக்காக முதலில் கொழும்புக்கும், 1934ஆம் ஆண்டில் உரோமாபுரிக்கும் சென்றார். அங்கே இலத்தீனும் இத்தாலியமும் அவர் அன்றாடம் புழங்கும் மொழிகளாயின. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கேயம் முதலிய மொழிகளையும் அவர் பயின்றார். ஆபிரிக்கக் கார்த்தேசுத் திருச்சபையின் பழைய குருமாரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 1938இல் குருப்பட்டம் பெற்றார்.

இவ்வளவும் கற்ற அவருக்கு மிகக் குறைவாகப் பழகியிருந்த இலக்கியம் எது? அவர் தாய்மொழியின் இலக்கியமே. ஆங்கிலக் கல்வி ஓங்கியிருந்த அக்காலத்தில் கல்லூரிக்குச் சென்ற தமிழ்ப் பிள்ளைகள் பலரின் நிலை அதுவாகவே இருந்தது. வீட்டில் பேசுவது தமிழ். ஏட்டில் கற்பது ஆங்கிலம். வேர்சிலின் காவியத்தை மூலமொழியிலேயே வாசிக்க வல்லவர், குறுந்தொகைப் பாட்டொன்றைத் துணையின்றிப் படிக்க இயலாதிருப்பது அன்று வியப்பன்று. தாய்மொழியிலுள்ள நூலெல்லாம் பழகிய நூலாகிவிடா என்பதை இதனால் அறியலாம்.

இந்நிலையில் அவர் செய்தது யாது? தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் உயர்நிலைப் பள்ளியொன்றின் துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றியபோது, தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் முறையாகப் பாடங்கேட்கத் தொடங்கினார். பள்ளியில் பிறருக்கு ஆசிரியர். பண்டிதர் முன்னிலையில் மாணவர். அவ்வாறு சில ஆண்டுகள் பயின்றபின், 1945இல் தமது 32ஆம் வயதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். தம்மினும் இளையோர் நடுவே அமர்ந்து தொல்காப்பியமும் சங்க நூல்களும் கற்றார். முதுகலைப் பட்டத்தின் பின், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை எனும் பொருள்பற்றி ஆராய்ந்து, 1949ஆம் ஆண்டளவில் இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. புதிய வகை நூலுக்குச் சென்றதனால் பழைய வாசிப்பு அவருக்கு வீணாகவில்லை. சங்கப் பாடல்களில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலமும் உணர்வும் பிணைந்திருக்கும் முறையைக் கண்டபோது, கிரேக்கப் புலவர் தியோக்கிரித்தசும் உரோமப் புலவர் வேர்சிலும் இயற்கையைப் பாடிய முறை அவர் நினைவில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்க அவரால் இயன்றது. சங்க நூல் மட்டும் கற்றவர்க்கு அவ்வொப்புமை தோன்ற வாய்ப்பில்லை. இலத்தீன் மட்டும் கற்றவர்க்கும் அவ்வாறே. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவ்வாய்வு, திருத்தமுற்று 1966ஆம் ஆண்டில் 'நிலத்தோற்றமும் கவிதையும்' எனப் பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. திருக்குறளின் அறத்தை உரோம அறிஞர் செனெக்கா முதலிய ஸ்தோயிக்கரின் அறத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதியவையும் இவ்வகையினவே.

இன்னொரு பயனும் விளைந்தது. 16ஆம் நூற்றாண்டிலும் 17ஆம் நூற்றாண்டிலும் அச்சேறிய தமிழ் நூல்களுட் சில ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்தன. அந்நூலகங்களுக்கு நாள்தோறும் சென்றவர்க்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர்க்கு அந்நூலகங்களின் வாயிலும் தெரியாது, போர்த்துக்கேய மொழியும் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் அங்கே செல்ல வேண்டியிருந்தது. 1554ஆம் ஆண்டில் இலிஸ்பன் நகரில் அச்சான ஞானபோதக நூலொன்று, உரோம எழுத்தில் தமிழையும் அதனோடு போர்த்துக்கேயத்தையும் தாங்கி அந்நகரிலே இருந்தது. அதனைத் தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அடிகளார். அந்தாம் தெ புரோயென்சா எனும் பாதிரியார் தொகுத்து, அவர் இறந்தபின் 1679இல் மலையாளக் கரையிலுள்ள அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்திலிருப்பதையும் 1954இல் கண்டறிந்தார். 16,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதி, அவர் முயற்சியால் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மூலத்தின் நேர்ப்படியாக மீண்டும் வெளிவந்தது. 17ஆம் நூற்றாண்டில் மக்கள் வழங்கிய தமிழ்ச் சொல் யாது, அதன் பொருள் யாது என அறிய விரும்புவோர்க்கு அது இன்றும் பெருந்துணை.

அடிகளாரின் பிற்காலப் பணிகள் பலரும் அறிந்தவை. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' எனும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அவ்வாண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகவும், 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராகவும் பணிபுரிந்தார். 1964ஆம் ஆண்டு சனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த பன்னாட்டு அறிஞரோடு கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைப்பதில் முன்னின்றார். அம்மன்றத்தின் மாநாடுகள் 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் நிகழ்ந்தன. 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். வடக்கன்குளத்தில் ஒரு பண்டிதர் முன்னிலையில் ஏட்டை விரித்தமர்ந்த அன்று இவற்றுள் எதுவும் அவர் திட்டத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. தாம் அறியாத இலக்கியத்தை அறிய வேண்டும் என்ற அளவான குறிக்கோளே போதுமானதாயிற்று.

ஈழத்தின் கிழக்குக் கரையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் விஞ்ஞானம் பயின்றவர். சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். அதே காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறியவர். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பிட்டு 'மதங்க சூளாமணி' எழுதினார். சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதியை விளக்கப் புகுந்தபோது, ஒலியின் இயல்பைக் கணக்கிட்டறியும் விஞ்ஞானப் பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' அதன் விளைவு. இலக்கியம் மட்டும் அறிந்தவர் அந்நூலை எழுதியிருத்தல் அரிது. கணிதம் மட்டும் அறிந்தவர் எழுத நினைத்தேயிருக்க மாட்டார்.

இவர்களெல்லாம் பேரறிஞர்; வயலும் கடையும் அலுவலகமும் அடுப்படியுமாக நாள் கழிக்கும் ஒருவர்க்கு இவை எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அறிஞராவது யாவர்க்கும் நோக்கமன்று. ஆனால், அவர்கள் மேற்கொண்ட முறையில் எளியோரும் கொள்ளத்தக்க கூறுகள் உண்டு. குறிக்கோளைத் தெளிவாக வகுத்தல், துணை ஒன்றைத் தேடல், சிறிது சிறிதாக முன்னேறுதல், முன்பு கற்றதைப் புதியதோடு பொருத்திப் பார்த்தல் ஆகிய நான்குமே அவை.

முதலாவது, தம் வாசிப்பின் இன்றைய எல்லையை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டில் அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக வகுத்தார். பொது நூல்கள், தத்துவம், சமயம், சமூக அறிவியல், மொழி, இயற்கை அறிவியல், தொழில்நுட்பம், கலைகள், இலக்கியம், வரலாறும் புவியியலும் என்பன அவை. நூலகங்கள் பலவற்றில் நூல்கள் இன்றும் இவ்வரிசையிலேயே அடுக்கப்பட்டுள்ளன. ஓர் அப்பியாசக் கொப்பியில் பத்துக் கட்டங்கள் வரைந்து, சென்ற ஆண்டில் வாசித்த நூல்களை அந்தந்தக் கட்டத்துள் எழுதிப் பார்க்க. பெரும்பாலோர்க்கு இரண்டு கட்டங்கள் நிரம்பியும் எட்டுக் கட்டங்கள் வெறுமையாகவும் இருக்கும். இதில் நாணத்துக்கு இடமில்லை. எங்கே செல்லவில்லை என்பது தெரிந்தால்தான் எங்கே செல்வது என்பதை முடிவு செய்யலாம்.

இரண்டாவது, குறிக்கோள் எண்ணால் அளக்கத்தக்கதாயும் சிறியதாயும் இருத்தல் வேண்டும். 'இனிமேல் நல்ல நூல்களாக வாசிப்பேன்' என்பது விருப்பமேயன்றிக் குறிக்கோளன்று. 'இவ்வாண்டில் பன்னிரண்டு நூல்; அவற்றுள் எட்டு நான் விரும்பும் வகை, நான்கு வெறுங்கட்டங்களிலிருந்து' என்பதே குறிக்கோள். பழகிய வகையை முற்றும் துறப்பது வேண்டியதன்று, நன்றுமன்று. விருப்பமான நூல் வாசிப்புப் பழக்கத்தை உயிரோடு வைத்திருக்கின்றது. நாளொன்றுக்கு எட்டுப் பக்கம் வாசிப்பவர் முப்பது நாளில் 240 பக்கம் வாசித்து முடிப்பார். அது நடுத்தர அளவுள்ள ஒரு நூல். எட்டுப் பக்கம் வாசிக்க அரைமணி நேரமே ஆகும். கடின நூலாயின் நான்கு பக்கம் போதும். மாதம் ஒன்று இரண்டாகலாம்.

மூன்றாவது, தெரிந்த கரையிலிருந்தே தோணியைச் செலுத்த வேண்டும். முற்றிலும் அறியாத துறையில் திடீரெனக் குதிப்பதைவிட, தாம் விரும்பும் நூலின் அயலிலுள்ள நூலைத் தேர்வது நலம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசித்து மகிழ்ந்தவர் எத்தனையோ பேர். அதில் வரும் அரசரும் அமைச்சரும் உண்மையில் யாவர், எது சான்றுள்ளது, எது கற்பனை என அறியும் ஆவல் அவர்க்கு இயல்பாகவே எழும். சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' அதற்கு விடை தரும். அந்நூல் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் சான்றாகக் காட்டும். அங்கிருந்து கல்வெட்டு எவ்வாறு படிக்கப்படுகின்றது எனும் வினா பிறக்கும். நாவலிலிருந்து வரலாறு, வரலாற்றிலிருந்து கல்வெட்டியல் என மூன்று படி ஏறியாயிற்று. எந்தப் படியும் எட்டாத உயரத்தில் இல்லை. அவ்வாறே யாழ்ப்பாணத்துக் கிராம வாழ்வைக் கூறும் கதைகளை விரும்புவோர், சிங்களக் கிராமமொன்றின் மாறுதலைக் கூறும் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை வாசிக்கலாம். அது தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ஒரு நாட்டில் அருகருகே வாழ்ந்தும் ஒருவர் வீட்டுக் கவலையை மற்றவர் அறியாதிருப்பதன் தீங்கை இந்நாடு பெருவிலை கொடுத்தே உணர்ந்துள்ளது. அடுத்த வீட்டாரின் கதையை வாசிப்பது இங்கே பொழுதுபோக்கு மட்டுமன்று.

நான்காவது, துணை. அடிகளாருக்கு ஒரு பண்டிதர் கிடைத்தார். சாமிநாதையருக்குச் சைன அன்பர்கள் கிடைத்தனர். எல்லார்க்கும் பண்டிதர் கிடைப்பதில்லை. ஆயினும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு துறையை அறிந்தவர் ஒருவராவது உண்டு. தாவர நூலொன்று வாசிப்பவர்க்கு ஊரின் நாட்டு வைத்தியர் துணையாவார். கடலைப் பற்றி வாசிப்பவர்க்கு வலைஞர் துணையாவார். வானியல் வாசிப்பவர்க்குப் பள்ளியின் பௌதிக ஆசிரியர் துணையாவார். ஐயம் எழுந்த பக்கத்தைக் குறித்துவைத்துச் சென்று கேட்பதில் இழுக்கில்லை. கேட்கப்படுபவர்க்கும் அது மகிழ்ச்சியே. சனசமூக நிலையத்தில் நால்வர் கூடி, மாதம் ஒருமுறை தாம் வாசித்த பழகாத நூலைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்வதும் நல்ல ஏற்பாடு. பிறர்க்குச் சொல்ல வேண்டும் எனும் நினைவு வாசிப்பைக் கூர்மையாக்கும்.

ஐந்தாவது, கைவிடும் உரிமை. பழகாத வகையில் தேர்ந்த நூல் உண்மையிலேயே நன்றாக எழுதப்படாததாக இருக்கலாம். ஐம்பது பக்கம் பொறுமையோடு வாசித்தும் ஒன்றும் தேறவில்லையாயின் அந்நூலை விட்டுவிடலாம். ஆனால் அவ்வகையை விட்டுவிடலாகாது. அதே பொருளில் வேறொருவர் எழுதிய நூலை எடுத்தல் வேண்டும். ஒரு கடையின் மாம்பழம் புளித்தது என்பதால் மாம்பழமே வேண்டாம் என்பார் இலர். நூலில் மட்டும் அவ்வாறு தீர்ப்பிடுவது முறையாகாது.

தமிழில் அத்தகைய நூல்கள் உளவோ என ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் பற்றிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் அச்சாயின. கதையும் கவிதையும் மட்டுமே தமிழுக்குரியன எனும் எண்ணம் பிற்காலத்து மயக்கமே. வாசிப்போர் குறைந்தால் எழுதுவோரும் குறைவர். எழுதுவோர் குறைந்தால் ஒரு மொழி சில பொருள்களைப் பற்றி மட்டும் பேசும் மொழியாகச் சுருங்கும். ஆகவே ஒருவர் தம் வாசிப்பை விரிப்பது தமக்கு மட்டும் செய்யும் நன்மையன்று.

நூல் கிடைப்பதில்லை எனும் முறைப்பாடும் உண்டு. யாழ்ப்பாணத்தார்க்கு அம்முறைப்பாட்டின் பாரம் நன்கு தெரியும். 1934இல் பொதுமக்கள் முயற்சியால் தோன்றி வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் மீளப் பெறமுடியாத ஏடுகளும் இருந்தன. பின்னர்ப் போர்க்காலத்தில் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளிலிருந்த நூல்களும் வீட்டோடு விடப்பட்டன. இன்று பொது நூலகம் மீண்டும் எழுந்து நிற்கின்றது. 2005ஆம் ஆண்டில் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' எனும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. கரம்பொனில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் ஒரே பக்கத்தை ஒரே வேளையில் வாசிக்கலாம். நூல் கிடைப்பது முன்னினும் எளிதாயிற்று. எதை எடுப்பது எனும் முடிவே வாசகரிடம் எஞ்சி நிற்கின்றது.

நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி அரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பதனையும் ஒன்றாக வைத்தார். நூலகரை நோக்கி வகுக்கப்பட்ட அவ்விதி வாசகரையும் சாரும். யாரும் எடுக்காத நூல் அலுமாரியில் இருப்பினும் இல்லாததற்குச் சமமே. தீ ஒருநாளில் அழித்ததை மக்கள் கூடி மீளச் சேர்த்தனர். எடுத்து வாசிப்பார் இன்மையால் நூல்கள் மறக்கப்படுவதோ ஓசையின்றி நிகழ்வது. அதனைத் தடுக்க ஒவ்வொருவரும் தனித்தனியே முயன்றாலன்றி வேறு வழியில்லை.

குறிக்கோள் வகுப்பதற்குப் புத்தாண்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்துக் கட்டங்கள் வரைய ஒரு கொப்பியும் ஓர் எழுதுகோலும் போதும். வெறுமையான கட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய நூலொன்றின் பெயரை எழுதுக. அடுத்த முறை நூலகத்துக்குச் செல்லும்போது வழக்கமான நூலோடு அந்நூலையும் சேர்த்து எடுத்து வருக. முதல் எட்டுப் பக்கங்கள் சற்றே கடினமாயிருக்கலாம். ஒன்பதாம் பக்கத்தை மறுநாள் வாசிக்க.